நூல் கடித்த பல்

பல் வலித்தால் உடம்பு முழுவதும் பல்லாகிவிடுகிறது. காலில் முள்ளுக் குத்தினால் வலி காலோடு இருக்கும். பல்வலிக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. காதுக்குள் போய் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும், கழுத்தால் இறங்கித் தோளில் குந்தும். வாடைக்காற்றுக் காலத்துக் கடலைப்போல, அடங்கிவிட்டது என்று ஆள் நிமிர்கிற நேரம் பார்த்து அடுத்த அலையைத் தூக்கிக்கொண்டு வரும்.

சேலையில் கட்டிய ஏணைக்குள் சின்னவள் நித்திரை. அவள் எழும்புவதற்கு முன்னர் இதை எழுதிவிட வேண்டும். வயிற்றில் பிள்ளையும் வாயில் வலியுமாக, ஒருவருக்கும் சொல்லாமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எங்கோ ஒரு கொட்டிலில் இருக்கிற பெண்ணுக்காக எழுதுகிறேன். அவளுக்கு என் கதை பயன்படலாம். பயன்படாவிட்டாலும் சிரிப்பாவது வரும். வாயை அகலத் திறந்து சிரிக்க வேண்டாம், வலிக்கும்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆட்கள். சண்டையால் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்து, ஒரு குளத்துக்குக் கிட்டக் கொட்டில் போட்டு இருந்தோம். என் மனிசன் அந்தோனி கடலில் சுறா பிடித்தவர், குளத்தில் விராலுக்கு வலை போட்டார். குளக்கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும். "இது என்ன, ஒரு கோப்பைத் தண்ணி" என்பார். ஆனாலும் அந்தக் கோப்பைக்குள்ளும் மரக்கட்டைகள் கிடந்தன, வலை கிழிந்தது. கிழிந்ததை நானும் அவருடைய தாயான மாமியும் நூலால் பின்னிப் பொத்தினோம்.

வலை பொத்துகிற பெண்ணுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். இடது கை கண்ணியைப் பிடித்திருக்கும், வலது கை ஊசியை ஓட்டும். முடிச்சு விழுந்ததும் நூலை அறுக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது கை பல். கத்திரிக்கோல் எடுக்கப் பிடியை விட்டால் முடிச்சு இளகும் என்பது மாமியின் சட்டம். எங்கள் கரைப் பெண்களைச் சிரிக்கச் சொன்னால் போதும், எந்தப் பக்கத்தால் நைலோன் நூல் கடிக்கிறவள் என்று சொல்லிவிடலாம். நான் இடப்பக்கம்.

அப்போது எனக்கு நாற்பது வயது. மூத்தவள் சுகந்திக்குப் பதினாறு. வயிறு வெளியே தெரியத் தொடங்கிய நாளில் சுகந்தி கேட்டாள்: "அம்மா, பள்ளிக்கூடத்திலை கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"தம்பியோ தங்கச்சியோ வரப்போகுதெண்டு சொல்லு."

"எனக்கோ? இந்த வயசிலையோ?"

"வயசு எனக்குத்தானே போகுது, உனக்கென்ன?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை என் கையில் கொடுத்ததும் இல்லை.

இந்தப் பிள்ளை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுகந்திக்குப் பிறகு ஒன்று வந்து, மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அதற்குச் சற்று முன்புதான், காய்ச்சலும் வீக்கமுமாகக் கிடந்து, ஒரு பல்லைப் பிடுங்குவித்திருந்தேன். பல் போனது, பிள்ளையும் போனது. இரண்டையும் ஒரே நூலில் கோத்து முடிச்சுப் போட்டவர்கள் ஊரவர். அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கியவள் நான்.

ஆகவே ஐந்தாம் மாதத்தில், மசக்கை வாந்தியான சத்தி ஓய்ந்து சோறு ருசிக்கத் தொடங்கிய ஒரு மத்தியானம், நூலைக் கடித்தபோது என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதும், முதலில் வலி வரவில்லை. பயம்தான் வந்தது. கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போனது.

வலி அன்று பின்னேரம் வந்தது. அந்த வாரம் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலுக்குள் முழங்காலில் நின்றபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வேதக்காரரான நாங்கள் தபசு காலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாளும், ஏதாவது ஒறுத்தல் எடுப்போம், அதாவது நாக்குக்கும் உடம்புக்கும் பிடித்த ஒன்றை உயிர்த்த ஞாயிறு வரை விட்டுவிடுவோம். சிலர் மீனும் இறைச்சியுமான மச்சத்தை விடுவார்கள், சிலர் வெற்றிலை, சிலர் சுருட்டு. நான் என்ன கொடுக்கலாம்? இதோ வலிக்கிறதே, இதையே கொடுத்துவிட்டால் என்ன? மருந்து போடாமல், பல்லைப் பிடுங்காமல், வாய் திறந்து சொல்லாமல் உயிர்த்த ஞாயிறு வரை தாங்குவேன். அதற்குப் பதிலாக இந்தப் பிள்ளையை எனக்குத் தா.

கடவுளோடு பேரம் பேசும்போது நாங்கள் அவருடைய பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நானே கேட்டு நானே சம்மதித்து எழும்பி வந்தேன்.

மீன் முள்ளு அந்தப் பல்லில் பட்டால் உயிர் போகும் என்பதால் மீனை விட்டேன். கஞ்சியும் பிசைந்த சோறும் வலப்பக்கத்தால் விழுங்கினேன். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் அவா சொன்னது என் காதில் விழுந்தது:

"என்ரை மருமோளைப் பாருங்கோ. வயித்திலை பிள்ளை. அப்பிடி இருந்தும் தபசு தொடங்கினதிலை இருந்து மச்சம் வாயிலை வைக்கேல்லை. கதையும் குறைச்சுப் போட்டாள். அதுவும் ஒறுத்தல்தான்."

"கதை குறைஞ்சது நல்லதுதான்" என்றது வேறொரு குரல்.

நான் புனிதையாகிக்கொண்டிருந்தேன். கன்னத்துக்குள் ஒரு கொள்ளிக்கட்டை இருந்தது.

தபசு கால வெள்ளிக்கிழமைகளில் யேசுவின் பாடுகளை ஒப்பாரி ராகத்தில் பாடுவது எங்கள் கரை வழக்கம். இடம்பெயர்ந்தபோது சட்டிபானையோடு அதையும் கொண்டுவந்திருந்தோம். ஓலைக் கோயிலில் முன்வரியை எடுத்துக் கொடுக்கிறவள் நான். மூன்றாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் முந்தானையால் தலையை மூடி, வீங்கிய கன்னத்தை உள்ளே ஒளித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முதல் வரிக்கு வாயைத் திறந்தேன். வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிப்போட்டது போல நின்றது. ஒரு விரல் நுழையும் இடைவெளியால் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடியது.

சனம் பார்த்தது. தாயார் மகனைச் சிலுவையில் காண்கிற இடம் அது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி விம்மினாள். அவளைக் கண்டு பக்கத்தில் இருந்தவள். பிறகு கோயில் முழுவதும் அழுதது. மாமி மார்பில் அடித்து அழுதா. இத்தனை வருடமாகப் பாடியிருக்கிறேன், ஒருநாளும் என் பாட்டுக்கு இவ்வளவு கண்ணீர் விழுந்ததில்லை. பாடாமல் விட்ட பிறகுதான் விழுந்தது.

சுகந்தி மட்டும் அழவில்லை. அவள் எழும்பி வந்து என் முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"அம்மாக்கு அழுகையில்லை" என்றாள். "அம்மாக்குக் கன்னம் பலாப்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு."

அழுகை பாதியில் நின்றது. வீட்டுக்குப் போவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிட்டது. மாமி மடியிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து அந்தப் பல்லுக்குள் அடை என்றா. அந்தோனி, கடலில் தாங்கள் மண்ணெண்ணெய் வைத்துக் கொப்பளிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் கிடைக்கிற கிடைக்கு அது விளக்குக்கே காணாது என்று தானே அடங்கிப்போனார். பக்கத்துக் கொட்டில் அக்கா, தன் மகனுக்குப் புண் வந்தபோது மிஞ்சிய, உறைக்குள் தூள் அடைத்த கூட்டுக் குளிசைகளைக் கொண்டுவந்தா. சுகந்தி அஸ்பிரினை உடைத்து பல்லின் ஈறான முரசுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைக்கலாம் என்றாள். எல்லோரும் அன்போடு நீட்டினார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தேன். அறிவால் மறுக்கவில்லை. பேரத்தை முறிக்கப் பயந்து மறுத்தேன்.

அன்றிரவு காய்ச்சல் எழும்பியது. விடிந்ததும் அந்தோனி சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை ஏற்றினார். ஹாண்டிலில் ஒரு வலைக்கட்டைத் தொங்கவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வலை என்னத்துக்கு?" என்று பல்லிடுக்கால் கேட்டேன்.

"அங்கை இருக்கிற நேரத்துக்கு நான் என்ன செய்யுறது? உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேலுமே?" என்றார். பயந்தால் அவருக்குக் கையில் வலை வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் என் வயதுக்காரி. மெலிந்த ஆள், பெரிய கண்ணாடி. காத்திருந்தவர்களுக்குள் என் கன்னத்தைக் கண்டு முதலில் கூப்பிட்டா. மின்சாரம் இல்லை, ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, வெயிலை ஒரு சிறு கண்ணாடியில் பிடித்து என் வாய்க்குள் விட்டா. எங்களுடைய கடலோரத்து வெயிலின் ஒரு துண்டு வாய்க்குள் வந்து நின்றதுபோல இருந்தது எனக்கு. காய்ச்சல் அப்படித்தான் யோசிக்க வைக்கும்.

"எவ்வளவு நாளா வச்சிருக்கிறியள்?"

"தபசு தொடங்கின நேரம் துவக்கம்."

"ஏன் வரேல்லை?"

ஒறுத்தல் என்றேன். அவா சைவ சமயக்காரி. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பல்லுவலியையோ?" என்று கேட்டா.

பிறகு விளங்கப்படுத்தினா. பல் உள்ளே வெறும் கல் அல்ல. நடுவில் நரம்பும் இரத்தமும் உள்ள ஒரு சிறு அறை இருக்கிறது. என் பல் வெடித்து, வெடிப்பால் கிருமி அந்த அறைக்குள் போய், வேரின் அடியில் சீழ் கட்டிவிட்டது. அந்தச் சீழின் வீக்கம்தான் தாடையைப் பூட்டியிருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முரசு லேசாக வீங்கும், பல் தீட்டினால் இரத்தம் வரும், அது பலருக்கும் வருவது. பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சுகிறது என்பது வெறும் கதை. சத்தி எடுத்த புளிப்புத்தான் பல்லைக் கரைக்கும். சத்தி எடுத்தால் உடனே பல்லைத் தேய்க்காமல், முதலில் வெறும் தண்ணீரால் கொப்பளித்து, கொஞ்சம் பொறுத்துத் தீட்ட வேண்டும்.

"இந்தப் பல்லைக் காப்பாத்தேலாது. எடுக்கவேணும்."

"பிடுங்க வேண்டாம்" என்றேன். இடுக்கால் வந்தாலும் அந்தச் சொல் தெளிவாக வந்தது. "மருந்தும் இப்ப வேண்டாம். எல்லாத்தையும் பிள்ளை பிறந்தாப்போலை பாப்பம்."

முன்னர் நடந்ததைச் சொன்னேன். அவா கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா.

"அந்தப் பிள்ளை ஏன் போனதெண்டு எனக்கு இப்ப சொல்லத் தெரியாது. பல்லுப் பிடுங்கினதாலைதான் எண்டு மட்டும் நான் சொல்லமாட்டன். அப்பவும் உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததெண்டு நீங்கள்தான் சொன்னியள். இப்பவும் இருக்கு. இண்டைக்குப் பிடுங்கவும் மாட்டன், விறைப்பூசி முடிஞ்சுபோச்சு, வவுனியாவிலை இருந்து லொறி வரவேணும். வாட்டிலை படுங்கோ. யோசியுங்கோ."

பிள்ளைத்தாச்சிமாரின் வாட்டில் ஒரு கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் ஜெயபுரத்து ராசாத்தி. அவளுடைய தாய்தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவளுக்கு நிறைமாதம், கால் இரண்டும் வீங்கி, இரத்த அழுத்தம் கூடிப்போனதால் மறித்து வைத்திருந்தார்கள். வீக்கம் என்று வந்துவிட்டதால் எங்கள் இருவருக்கும் உடனே உறவு பற்றிவிட்டது.

"ஏக்கா, வாயே தொறக்க முடியாதா?"

தலையாட்டினேன்.

"அப்ப உங்க வீட்டுக்காரரு சந்தோசமா இருப்பாரே."

வெளியே மர நிழலில் வலையோடு இருந்த அந்தோனிக்கும் அது கேட்டது. குனிந்து ஒரு கண்ணியை அதிக கவனத்தோடு பார்த்தார்.

ஒறுத்தல் கதையை அவளுக்குச் சொன்னேன். "விரதம் மாதிரியா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். "எங்க மாரியாத்தா தீ மிதிக்கச் சொல்லும், மாவிளக்குக் கேக்கும். பல்லுவலி கேட்டதா நான் கேள்விப்பட்டதே இல்லக்கா."

அன்று மத்தியானம் மருத்துவிச்சி வந்தா. பருத்த, அவசரமில்லாத பெண். புனல் போன்ற ஒரு குழாயை என் வயிற்றில் வைத்து, மறு நுனியில் காதைப் பொருத்தினா. முகம் அசையவில்லை. ஆனால் இடது கை விரலொன்று கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கியது. தட்டு, தட்டு, தட்டு. மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல, விடாமல்.

"இது என்ன?"

"உங்கடை பிள்ளையின்ரை நெஞ்சடிப்பு. நான் கேக்கிறதை உங்களுக்குத் தட்டிக் காட்டுறன்."

"இவ்வளவு கெதியாவோ?"

"வழக்கமாவே கெதிதான். இது அதைவிடக் கொஞ்சம் கூட. தாய்க்குக் காய்ச்சல் எண்டால் பிள்ளையும் ஓடத்தான் செய்யும்."

அவா போன பிறகும் அந்தச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். வலியை நான் தனியே சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நாள் முழுவதும், இருட்டுக்குள், ஒன்றும் அறியாத ஒன்று என்னோடு சேர்ந்து மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் ஒறுத்தலை அதன் காலில் கட்டி ஓடவிட்டிருக்கிறேன்.

பின்னேரம் மாமியும் சுகந்தியும் வந்தார்கள். சுகந்தி சுடுதண்ணிப் போத்தலில் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற்றி, இளஞ்சூடாகக் கொண்டுவந்திருந்தாள். மாமி கட்டிலடியில் குந்தினா. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பேரத்தை, மீனை விட்ட காரணத்தை, பிள்ளையின் ஓட்டத்தை.

மாமிக்குக் கோபம் வேறு திசையிலிருந்து வந்தது. "அப்ப நீ பல்லுக் குத்துதெண்டோ மச்சம் விட்டனீ?"

"ஓம் மாமி."

"நான் கிணத்தடி முழுக்கச் சொல்லிப்போட்டனடி."

ராசாத்தி போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"டொக்டர் பல்லைப் பிடுங்கவேணும் எண்டுறா" என்றேன். "மருந்தும் போடவேணும். நேர்ந்ததை எப்படி முறிக்கிறது?"

மாமி சேலை மடியைத் தடவினா. அவாவுக்கும் அந்தப் பழைய முடிச்சில் பயம் இருந்தது, எனக்குத் தெரியும். பிறகு மடியை அவிழ்த்தா. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்புக் கரண்டகம் எல்லாவற்றையும் எடுத்து ராசாத்தியின் கட்டிலில் வைத்தா.

"நீ மருந்தைப் போடு. ஒறுத்தலை நான் எடுக்கிறன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வெத்திலை வாயிலை வைக்கமாட்டன். ஆண்டவருக்கு ஆள் மாறினால் என்ன, கணக்குக்கு ஆள் இருந்தால் சரி."

மாமி விழித்திருக்கும் நேரமெல்லாம் வெற்றிலை போடுகிறவா. அந்த ஒறுத்தலின் பாரத்தை அவாவைவிட எங்கள் கொட்டில்தான் அதிகம் சுமந்தது. மூன்றாம் நாளே வாசலில் கட்டிய ஆட்டோடு சண்டை பிடித்தா என்று அந்தோனி வந்து சொன்னார்.

நான் மருந்தைப் போடத் தொடங்கினேன். டொக்டர் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்ட பிறகே கிருமிக்கான கூட்டுக் குளிசை தந்தா. பக்கத்துக் கொட்டில் அக்கா தந்ததை சுகந்தி கொண்டுவந்து காட்டியபோது டொக்டரின் முகம் மாறியது. அது பிள்ளைத்தாச்சிக்கு ஆகாத வகை. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பிறகு முளைக்கப்போகும் பல்லில்கூடக் கறை பிடிக்குமாம். மிஞ்சிய மருந்தை அயலுக்குக் கொடுக்கிற அன்பு எங்களுக்கு நிறைய உண்டு. அந்த ஒரு அன்பை மட்டும் நிறுத்துங்கள். வலிக்குப் பரசிற்றமோல் போதும், சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரினும் அதுபோன்ற மற்ற வலிக் குளிசைகளும் டொக்டரைக் கேளாமல் கூடாது. அஸ்பிரினை முரசில் வைத்தால் வலி போகாது, முரசு வெந்து போகும். புகையிலை தாய்க்கும் நஞ்சு, பிள்ளைக்கும் நஞ்சு. மண்ணெண்ணெயைப் பற்றி நான் சொன்னதும் அவா ஜன்னலுக்கு வெளியே அந்தோனியைப் பார்த்தா.

உப்புத் தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்து, தலையணையை உயர்த்திப் படுத்து, காய்ச்சல் இறங்கியது. ஒரு விரல் நுழைந்த வாய்க்குள் இரண்டு விரல் நுழைந்தது. சோற்றை மசித்துச் சுகந்தி ஊட்டினாள். பதினாறு வயதுப் பிள்ளை தாய்க்கு ஊட்டும்போது தன்னையறியாமல் தானும் வாயைத் திறக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் வலித்தாலும் பரவாயில்லை போலிருந்தது.

வாட்டின் இரவுகளில் குப்பி விளக்கு ஒன்று கோடியில் எரியும். தூரத்தில் எங்கோ இடி போன்ற சத்தம் கேட்டால் எல்லாக் கட்டிலிலும் கைகள் வயிற்றுக்குப் போகும். பிறகு ராசாத்தி எதையாவது சொல்லுவாள், வாட்டு சிரிக்கும்.

லொறி வந்த அன்று விடிய ராசாத்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. துணியில் சுற்றிய பிள்ளையோடு திரும்பி வந்து, என்னைக் கண்டதும் சொன்னாள்: "நான் புள்ளையே பெத்துட்டேன். நீங்க ஒத்தப் பல்லப் பெக்க இத்தன நாளாக்கா?"

"இண்டைக்கு" என்றேன்.

டொக்டர் சொன்னா: நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பல் வேலைக்கு வசதியான காலம், ஆனால் சீழும் காய்ச்சலும் என்றால் மாதம் பார்த்து இருக்கக்கூடாது, எந்த மாதமானாலும் வர வேண்டும். அந்த விறைப்பூசி பிள்ளையைத் தாக்காது. கதிரையில் மல்லாந்து கிடந்தால் வயிற்றின் பாரம் முதுகோடு ஓடுகிற பெரிய இரத்தக்குழாயை அமத்தி, தலை சுற்றும். அதனால் வலது இடுப்புக்குக் கீழே எதையாவது வைத்து, இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும்.

"தலையணை ஒண்டு கொண்டு வாங்கோ" என்றா. வாட்டில் தலையணை எல்லாம் ஆட்களுக்குக் கீழே இருந்தன. அந்தோனி தன் வலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது காணுமோ டொக்டர்? மெத்தெண்டு இருக்கும்."

"மணக்குது."

"குளத்து மீன், டொக்டர். கடல் மீனெண்டால் இந்த மணம் மணக்காது."

ஒரு துவாயில் சுற்றி அதை என் இடுப்புக்குக் கீழே வைத்தார்கள். பல்லைக் கெடுத்த வலையே வந்து என்னைத் தாங்கியது. மருத்துவிச்சி குழாயை வைத்துக் கேட்டு, கதிரையின் கைப்பிடியில் தட்டிக் காட்டினா. ஊசி எறும்பு கடித்ததுபோல இருந்தது. பிறகு கன்னம் என்னுடையதல்லாமல் போனது. குறடு வந்தது. வலி இல்லை. அமத்தலும், தோணியைக் கரைக்கு இழுக்கும்போது மண்ணில் கேட்கும் கரகரப்பும்தான். நான் வயிற்றில் கையை வைத்து, வலையின் மணத்தை முகர்ந்தபடி, போ, போ, நீ மட்டும் போ, அது இருக்கட்டும் என்று பல்லுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுது" என்றா டொக்டர். பல்லை வெளிச்சத்தில் திருப்பினா. மேலே வாளால் அறுத்ததுபோல ஒரு கோடு, அதற்குக் கீழே வெடிப்பு. "இந்தக் கோடு எப்படி வந்தது?"

பஞ்சைக் கடித்திருந்த நான் கையால் காட்டினேன்: கண்ணி, ஊசி, முடிச்சு, கடி. அவா வாசலில் நின்ற மாமியைப் பார்த்து, "நீங்களும் சிரியுங்கோ பாப்பம்" என்றா. மாமி வாயை இறுக மூடிக்கொண்டா.

மருத்துவிச்சி மீண்டும் குழாயை வைத்தா. எல்லோரும் அவாவுடைய விரலைப் பார்த்தோம். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கிழவியானேன். பிறகு கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. முந்தியதைவிட ஆறுதலாக, தோணியின் முன்பக்கமான அணியத்தில் தண்ணீர் மோதுகிற ஒரு நல்ல நாளின் தாளத்தில். அந்தோனி வெளியே போய்விட்டார். வலை இல்லாமல் போனவர், கையை என்ன செய்வதென்று தெரியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

உயிர்த்த ஞாயிறன்று முதல் மணி அடிக்கும்போதே மாமி வெற்றிலையை வாயில் போட்டா. ஆடு தப்பியது. ஆவணியில் சின்னவள் பிறந்தாள். சுகந்திதான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னாள்.

போன கிழமை சின்னவளுக்குக் கீழ் முரசில் முதல் பல் வெள்ளையாகத் தெரிந்தது. தபசு தொடங்குவதற்கு முன்னர் செய்துவிட வேண்டுமென்று மாமி பல்லுக்கொழுக்கட்டை அவித்தா, ஒவ்வொன்றிலும் தேங்காய்ச் சொட்டுத் துண்டைப் பல்லாகப் பதித்து. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து அதில் கொழுக்கட்டையைச் சொரிந்தோம். முன்னால் பொருட்களைப் பரப்பினோம். எதைத் தொடுகிறதோ அந்த வழியில் போகும் என்று பார்ப்பது வழக்கம். அந்தோனி ஒரு பேனை வைத்தார். சுகந்தி தன் புத்தகமொன்றை வைத்தாள். நான், நூலால் இறுகக் கட்டி மூடிய சின்னக் கத்திரிக்கோல் ஒன்றை வைத்தேன். இப்போது எங்கள் வலைக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்குவது அதுதான், மாமியின் சட்டத்தையும் மீறி.

சின்னவள் பேனையைப் பார்த்தாள். புத்தகத்தைத் தட்டினாள். கத்திரிக்கோலை எடுத்தாள். எனக்கு மனம் குளிர்ந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் கட்டியிருந்த நைலோன் நூலைக் கண்டுபிடித்து, வாய்க்குக் கொண்டுபோய், அந்த ஒரு பல்லால் கடித்தாள்.

"இடப்பக்கம்" என்றா மாமி, வெற்றிலைச் சிரிப்போடு.

நான் பாய்ந்து போய் நூலை மெல்ல இழுத்தேன். விடவில்லை. பிடி நல்ல பலமாக இருந்தது.